சிகிச்சைக் குளிர்விப்பு

சிகிச்சைக் குளிர்விப்பு என்பது, இதய நிறுத்தத்திலிருந்து மீட்கப்பட்டும் சுயநினைவு திரும்பாத நோயாளியின் மூளையைக் காக்கும் பொருட்டு, அவரது உடல் வெப்பநிலையைத் திட்டமிட்டுக் குறைக்கும் மருத்துவ முறை ஆகும். மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடுகின்றது. இதய நிறுத்தத்தில் இதயம் இரத்தத்தைச் செலுத்துவதே நின்றுவிடுகின்றது. முன்னது பின்னதற்குக் காரணமாகலாம்.

செயல்முறை

உடல் வெப்பநிலை 1 பாகை செல்சியசு குறைந்தால் மூளையின் ஆக்சிசன் தேவை ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு குறைகின்றது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் பனிக்கட்டிப் பொதிகள் வைத்தும், குளிர்நீர் ஓடும் விரிப்புகளைப் போர்த்தியும் உடல் குளிர்விக்கப்படுகின்றது. நடுக்கம், இதயத் துடிப்புச் சீர்கேடு, குருதிப்போக்கு, நோய்த்தொற்று ஆகியன இதன் பக்கவிளைவுகள்.

ஆய்வுகள்

ஐரோப்பாவிலும் ஆசுத்திரேலியாவிலும் நடந்து 2002 ஆம் ஆண்டில் வெளியான இரு ஆய்வுகள், 32 முதல் 34 பாகை வரை குளிர்விக்கப்பட்டோரில் நரம்பியல் பாதிப்பின்றி மீண்டோர் அதிகம் எனக் காட்டின. 2013 இல் வெளியான பெரிய ஆய்வில் 33 பாகைக்கும் 36 பாகைக்கும் வேறுபாடு காணப்படவில்லை. 2021 இல் வெளியான ஆய்வில், 33 பாகைக்குக் குளிர்விக்கப்பட்டோரில் 50 விழுக்காட்டினரும், காய்ச்சல் மட்டும் தடுக்கப்பட்டோரில் 48 விழுக்காட்டினரும் ஆறு மாதங்களுக்குள் இறந்தனர். இதன் பின்னர், கடுங்குளிர்விப்பைவிடக் காய்ச்சலைத் தடுப்பதே முதன்மை பெற்றது.

சுயநினைவுடன் உள்ள மாரடைப்பு நோயாளிகளிடமும் இம்முறை சோதிக்கப்பட்டது. எனினும் இதயத் தசைச் சேதம் குறைவதாக உறுதிப்படவில்லை.

தமிழ்நாட்டில்

பிறப்பின்போது ஆக்சிசன் குறைவால் மூளை பாதிக்கப்பட்ட சிசுக்களுக்கும் குளிர்விப்பு பயன்படுகின்றது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளில் 408 சிசுக்களிடம் நடந்து 2021 இல் வெளியான ஆய்வில், சென்னை எழும்பூரிலுள்ள அரசு மருத்துவமனைகளும் பங்கேற்றன. குளிர்விக்கப்பட்ட சிசுக்களில் 42 விழுக்காடும், ஏனைய சிசுக்களில் 31 விழுக்காடும் இறந்தன. வளர்ந்த நாடுகளில் பயன் தந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை இது காட்டியது.

மாரடைப்பைப் பொறுத்தவரை, அடைபட்ட இரத்தக்குழாயை விரைந்து திறப்பதே முதன்மையானது. 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளுடன் 108 ஆம்புலன்சு வழியே இணைத்த திட்டத்தில், ஓராண்டு இறப்பு விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

முதலுதவி

தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் போன்ற தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில், ஜி. எஸ். டி. சாலை நெரிசலைக் கடந்து ஆம்புலன்சு வரும்வரை அருகிலிருப்போரின் உதவி இன்றியமையாதது. ஒருவர் சுயநினைவிழந்து இயல்பாக மூச்சுவிடாதிருந்தால் 108 ஐ அழைத்து, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும். வீட்டில் பனிக்கட்டி வைத்துக் குளிர்விக்க முயலக்கூடாது. குளிர்விப்பு தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே செய்யத்தக்கது.