நாகை மாவட்டத்தின் பேரிடர் மதிப்பீடு: அளவுகளும் எல்லைகளும்

1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் தீவை ஒட்டி நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, வங்கக் கடலைச் சுற்றியிருந்த எட்டு அலைமானிகளில் பதிவாயிற்று. அவற்றுள் ஒன்று நாகப்பட்டினத்தில் இருந்தது. அலையின் உச்சம் ஒரு மீட்டரைக்கூட எட்டவில்லை. அந்தப் பதிவுகளைக் கொண்டு நிலநடுக்கத்தின் வலிமையைக் கணக்கிட்ட மொடெஸ்டோ ஆர்ட்டிஸ், ரோஜர் பில்ஹாம் இருவரின் ஆய்வு 2003இல் வெளிவந்தது. மறு ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் நாகை மாவட்டம் 6,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தது. தமிழகத்தின் மொத்த உயிரிழப்பே ஏறத்தாழ 8,000தான்.

தரவு இருந்தும் அது மதிப்பீட்டுக்குள் நுழையவில்லை. 1997இல் வெளியான இந்தியப் பாதிப்பு வரைபடத் தொகுப்பு நிலநடுக்கம், காற்று, வெள்ளம் மூன்றையும் மாவட்ட வாரியாகக் கணக்கிட்டது. ஆழிப்பேரலை அதில் இல்லை. எனினும் அத்தொகுப்பைக் குறைத்து மதிப்பிடலாகாது. சுவர், கூரை வகைப்படி வீடுகளைப் பிரித்து, எந்த வீடு எந்தக் காற்றைத் தாங்கும் என்று கேட்டது அது. அதுவரை காற்றின் வேகமும் மழையின் அளவுமே பெரிதாகப் பேசப்பட்டன. 1952 நவம்பர் புயலையும் 1977 நவம்பர் 12 புயலையும் இன்றும் அந்த அளவுகளால்தான் நினைவுகூர்கிறோம்.

ஆனால் 'மாவட்டம்' என்ற அலகே இங்கு நிலையாக இருந்ததில்லை. மேற்சொன்ன இரு புயல்களின் சேதக் கணக்கும் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் பேரில் உள்ளது. 1991இல் நாகை தனி மாவட்டமாயிற்று. 1997இல் திருவாரூரும் 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. 2004இல் நாகையின் பேரில் எழுதப்பட்ட இழப்பில் தரங்கம்பாடி, சீர்காழி வட்டங்களின் கடலோர ஊர்களும் அடக்கம். அவை இன்று மயிலாடுதுறையில் உள்ளன. இன்றைய நாகையின் இடரைக் கணிக்க அந்த எண்ணை அப்படியே எடுத்தாள்வது பிழை. அறிக்கைகள் பல அதைத்தான் செய்கின்றன.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பகுதிகளை அடையாளம் காண்பதை மாவட்டத் திட்டத்தின் கடமையாக்கியது. ஆண்டுதோறும் திட்டத்தை மறு ஆய்வு செய்யவும் சொன்னது. அதன்படி ஊர்கள் மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என வகைப்படுத்தப்படுகின்றன. இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் வகைப்பாட்டில் முந்தைய பேரிடரின் நிழல் நீண்டு கிடக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் கான்கிரீட் வீடுகள் பெரும்பாலும் மீனவர் குப்பங்களுக்கே சென்றன. அவர்களின் இழப்புக்கு அது நியாயமானதே. அதே வேளையில் உள்ளே தள்ளியிருந்த விவசாயக் கூலிகளின் கூரை வீடுகள் கூரை வீடுகளாகவே நின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது காற்று உள்நாட்டுக்குள் வெகுதூரம் புகுந்தது. முன்னெச்சரிக்கையும் வெளியேற்றமும் ஏராளமான உயிர்களைக் காத்தன. வேதாரண்யத்தின் உப்பளங்களும், அண்டை மாவட்டங்கள் வரை பரந்திருந்த தென்னந்தோப்புகளும் தப்பவில்லை. தென்னை மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைக்கால வருமான இழப்பை அலை உயரமோ காற்று வேகமோ காட்டாது.

அலகைச் சிறிதாக்குவதே வழி எனலாம். ஆனால் வருவாய்க் கிராமமும் முழுத் தீர்வன்று. ஒரே கிராமத்துக்குள் மேட்டுத் தெருவும் முகத்துவாரத்தை ஒட்டிய தாழ்ந்த குப்பமும் இருக்கும். ஆகவே குடியிருப்பு வாரியாக, கூரை வகையையும் வாழ்வாதாரத்தையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும். 1952 முதலான சேதப் பதிவுகளைப் பழைய மாவட்டப் பெயர்களிலிருந்து விடுவித்து, இன்றைய வட்டங்களுக்கு ஏற்ப மறுபடி அடுக்கும் பணியை நாகை, மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர் மாவட்ட நிர்வாகங்கள் கூட்டாகத் தொடங்க வேண்டும்.