ஆமணக்குப் புழுவுக்கு எத்தனை பேரு!

போன மாசம் பூதலூர் போனப்ப அப்பாயிக்கு ஒரு பட்டுப்புடவை வாங்கிட்டுப் போனேன். தொட்டுக்கூடப் பாக்கல. "புழுவைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்த நூலுடா அது, எனக்கு வேணாம்." பொட்டி தட்டுறவன் சும்மா இருப்பானா? கொல்லாத பட்டு உண்டான்னு தேட ஆரம்பிச்சு அசாம் வரைக்கும் போயிட்டேன் :-)

அங்கே எரிப்பட்டுன்னு ஒண்ணு. நெருப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அசாமியில் 'எரா' என்றால் ஆமணக்கு. அந்த இலையைத் தின்கிற புழு, அவ்வளவுதான்.

ஆனா அதோட அறிவியல் பேர் இருக்கே, அது பெரிய ரகளை. 1773-ல் ட்ரூரி என்ற ஆங்கிலேயர் சீனத்து அந்துப்பூச்சி ஒன்றுக்கு 'சிந்தியா' என்று பேர் வைத்தார். மதராஸ் மாகாணத்துச் சாமல்கோட்டையில் செடி வளர்த்து, பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் போன வில்லியம் ராக்ஸ்பரோ, 1804-ல் வங்காளத்து ஆமணக்குப் புழுவைப் பற்றி எழுதினார். அவர் கட்டுரையில் அது 'அரிண்டி'. இது சிந்தியாவின் வளர்ப்பு வடிவமா, தனி இனமா என்ற சண்டை அப்புறம் ரொம்ப காலம் ஓடியது. 2003-ல் பீக்லர், நௌமன் இருவரும் சாமியா பேரினம் மொத்தத்தையும் அலசி, காட்டில் வாழும் 'கேனிங்கி' என்ற இனத்தை மனுஷன் வளர்த்து வளர்த்து வந்ததுதான் எரி, சிந்தியா வேற என்றார்கள். அதுக்கப்புறமும் 'சாமியா ரிசினி'ன்னும் 'சாமியா சிந்தியா ரிசினி'ன்னும் ஆளுக்கொரு விதமா எழுதுறாங்க. வெர்ஷன் கண்ட்ரோல் இல்லாத ப்ராஜெக்ட் மாதிரி.

ரிசினி என்பது ஆமணக்கின் லத்தீன் பேரிலிருந்து வந்தது. ஆமணக்கோட பூர்வீகமோ கிழக்கு ஆப்பிரிக்கா! இப்ப எதியோப்பியாவிலும் எரிப்புழு வளர்க்கிறாங்க.

முட்டை பொரிய பத்து நாள் போல ஆகும். புழு நாலு தடவை தோலுரித்து, மூணு நாலு வாரத்தில் கூடு கட்டும். வெளியே வருகிற அந்துப்பூச்சிக்குச் சாப்பிட வாயே கிடையாது. கூடி, முட்டையிட்டு, சில நாளில் செத்துப்போகும். விஷயம் அந்தக் கூட்டில்தான் இருக்கு. மல்பெரிப் பட்டுக்கூடு முழுக்க மூடியிருக்கும். பூச்சி துளைத்து வெளியே வந்தால் நூல் அறுந்துடும், அதனால்தான் உள்ளேயே கொல்றாங்க. எரிக்கூட்டுக்கு ஒரு முனையில் வாசல் உண்டு. பூச்சி போனபிறகு பஞ்சு மாதிரி நூற்கலாம்.

சந்தோஷமா அப்பாயிக்கு போன் போட்டேன். கடைசில ஒண்ணை மறைக்க மனசு வரல. அசாமில் பல வீடுகளில் கூட்டுப்புழுவை எடுத்துச் சமைச்சுச் சாப்பிடுறாங்க, ருசியான பண்டமாம்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தின்னுட்டுப் போவட்டும்டா, பசிக்குத்தானே. அந்தப் புடவை என்ன வெல?"