ஒரு மடக்கு காபி, ஒரு இழுப்பு புகை

பைப் பிடிக்கிறவங்க பக்கத்துல பெரும்பாலும் குடிக்க ஏதாவது இருக்கும். புகையில நாக்கு காய்ஞ்சு, கொஞ்ச நேரத்துல ருசியே மங்கிடும். அதுக்குத்தான். இந்த ஜோடியை ஊர்ப் பழக்கமாவே ஆக்கின இடம் இஸ்தான்புல்.

அங்க காபிக்கடை வந்தது 1550-கள்ல. புகையிலை 1600 வாக்கில. புகையிலை நேரா போய் உட்கார்ந்தது காபிக்கடையிலதான். சின்னக் கிண்ணத்துல கறுப்புக் காபி, கையில 'சுபுக்'. சுபுக்னா நீளமான குழாய். செர்ரி மரத்துலயும் மல்லிகைத் தண்டுலயும் செய்வாங்க. வாய்க்கு வர்றதுக்குள்ள புகையோட சூடு தணிஞ்சிடும். காபிக்கு முன்னாடி ஒரு மடக்கு தண்ணீர் குடிச்சு வாயைச் சுத்தம் பண்ற வழக்கம் துருக்கியில இன்னைக்கும் இருக்கு.

சுல்தான் நான்காம் முராதுக்கு இந்தக் கூட்டம் பிடிக்கல. உட்கார்ந்து குடிக்கிறவன் அரசியல் பேசுவான்ல! 1633-ல நகரத்துல பெரிய தீ விபத்து. அதோட காபிக்கடைகளை மூடினார். புகைச்சா மரண தண்டனை. (அவரே மதுப் பிரியர், அது தனிக் கதை.)

அதே காலத்துல வாழ்ந்த காதிப் செலெபி எழுதியிருக்கார்: தண்டனை நிறைவேத்துற நேரத்துலயே, சட்டைக் கையில ஒளிச்சு வச்ச குட்டிக் குழாயில சிப்பாய்கள் புகைச்சாங்களாம்.

1640-ல முராத் இறந்தார். பிறகு மதத் தலைமைக்கு வந்த பஹாயி எஃபெண்டி, தானே பெரிய புகைப் பிரியர், புகையிலை கூடும்னு ஃபத்வா கொடுத்தார். அப்புறம் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் காபியும் குழாயும் நீட்டுறதே மரியாதைன்னு ஆகிப்போச்சு.