மூன்றில் ஒரு பங்கு: ஆங்கிலேயர் காலத்து வஸிய்யத்தும் குடும்பச் சொத்தும்

1801இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. அதன் பின் உருவான தென்னார்க்காடு மாவட்டத்துக்குக் கடலூர் தலைநகராக விளங்கியது. திருப்பாதிரிப்புலியூரிலும் பரங்கிப்பேட்டையிலும் வாழ்ந்த குடும்பங்களின் சொத்து வழக்குகள் அன்று முதல் ஆங்கிலேய நீதிமன்றங்களின் மொழியில் பேசப்படலாயின. அம்மொழி நமக்குத் தந்த சொற்களுள் ஒன்று 'உயில்'. நம் முன்னோர் அறிந்திருந்த வஸிய்யத்தும் இந்த உயிலும் ஒன்றெனவே பலர் கருதுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல என்பதை வரலாறு காட்டுகிறது.

ஆங்கிலேய உயில், சொத்துடையவரின் விருப்பத்தையே முதன்மையாகக் கொண்டது. 1794இல் பச்சையப்ப முதலியார் எழுதிய உயில் இதற்குப் புகழ்பெற்ற சான்று. சிதம்பரம் முதலிய தலங்களின் அறங்களுக்கென அவர் விட்டுச்சென்ற செல்வம் வழக்குகளில் சிக்கியது. மிஞ்சிய தொகையைக் கொண்டு சென்னையில் பள்ளி தொடங்கியது 1842இல்தான். இடையே 48 ஆண்டுகள்! இந்து தர்ம சாஸ்திரங்களுக்கு உயில் புதியது. ஆகவே, இந்துச் சட்டத்துக்கு இசைந்த அளவிலன்றி இந்துக்களின் உயில் செல்லாதென 1829ஆம் ஆண்டின் 5ஆவது சென்னை ஒழுங்குவிதி அறிவிக்க நேர்ந்தது.

முஸ்லிம்களின் நிலை வேறு. வஸிய்யத் நமக்குப் புதிதன்று. ஆனால் அதற்கு எல்லை உண்டு. தம் செல்வம் முழுவதையும் அறத்துக்கு எழுதிவைக்க விரும்பிய ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினார்கள். அதுவே அதிகம் என்றும் கூறினார்கள். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது மற்றொரு விதி. ஏனைய வாரிசுகள் இசைந்தால் மட்டுமே அது செல்லும். அவ்விசைவும் சொத்துடையவர் இறந்த பின்னர் தரப்படவேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் உள்ள ஒருவர் கடனின்றி 48 காணி நிலம் விட்டு இறக்கிறார். பள்ளிவாசலுக்கு அவர் 16 காணி வரை வஸிய்யத் செய்யலாம். எஞ்சிய 32இல் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்குத் தலைக்கு 7. நிலம் சிதறக்கூடாது, மகனிடமே இருக்கவேண்டும் என அவர் எத்தனை பக்கம் எழுதிவைத்தாலும் மகள்களின் 7 காணி அசையாது.

1876இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும், வாரிசுரிமையின் போக்கை வஸிய்யத்தால் மாற்றவிடாமையே இஸ்லாமியச் சட்டத்தின் நோக்கம் என ஏற்றது. நிலம் சிதறாமல் காக்க விரும்பிய குடும்பங்கள் ஆகவே வேறு வழிகளை நாடின. உயிரோடிருக்கையிலேயே சொத்தைக் கையளிக்கும் ஹிபா ஒரு வழி. சந்ததியினருக்கான வக்ஃபு மற்றொரு வழி. அறத்துக்குரிய பயன் வெகு தொலைவிலும் பெயரளவிலும் இருப்பதாகக் கூறி, இத்தகைய வக்ஃபு ஒன்றை 1894இல் பிரிவி கவுன்சில் செல்லாதென்றது. அத்தீர்ப்புக்கு எதிராக அறிஞர் ஷிப்லி நுஃமானி கருத்துத் திரட்டினார். முகம்மது அலி ஜின்னா சட்டமன்றத்தில் மசோதாவை நடத்திச்சென்றார். 1913இல் சட்டம் வந்தது. முன்னர் செய்யப்பட்ட வக்ஃபுகளுக்கும் அது பொருந்த 1930இல் மற்றொரு சட்டம் வேண்டியிருந்தது.

ஆயினும் பெண்மக்களின் பங்குக்கு ஊர்வழக்கம் என்ற வாதம் தடையாக நின்றது. அதை நீக்க வந்த 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், வேளாண் நிலம் மாகாணங்களின் அதிகாரத்துக்குட்பட்டது என்பதால் அதனை விலக்கிவிட்டது. நிலமே செல்வமாக இருந்த மாவட்டத்தில் இது சிறிய விலக்கன்று. 1949இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த திருத்தமே வேளாண் நிலத்தையும் உள்ளே சேர்த்தது.

பாட்டனார் பெட்டியில் பழைய உயில் ஒன்று கிடைத்தால், அதில் எழுதியிருப்பதை மட்டும் படித்து நாம் நிறைவடைதல் தகாது. அவர் மறைந்தபின் அவருடைய பெண்மக்கள் மனமுவந்து இசைந்தனரா, அல்லது அவர்களைக் கேட்காமலே பங்கு கழிந்ததா என்பதையும் கேட்கவேண்டும். கையெழுத்து பாட்டனாருடையதாக இருக்கலாம். ஆனால் அந்த 7 காணி அவர் எழுதிக்கொடுக்கக் கூடியதாக ஒருபோதும் இருந்ததில்லை.