மேலே இருப்பவர்கள் தவறினால் யார் திருத்துவது?



குடிமையியல் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் ஒரு கோபுரம் வரைவேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அடியில் முன்சீப் கோர்ட், அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம், பிறகு உயர் நீதிமன்றம், கலசத்தில் உச்ச நீதிமன்றம். கலசத்தில் சொல்லும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்பது அரசியல் சாசனத்தின் 141-ஆம் பிரிவு.

தொண்ணூறுகளில் ஒருநாள், கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். "மேல இருக்கிறவங்களே தப்பா சொல்லிட்டா யாரு சார் திருத்துவாங்க?" என்றான். "பாடத்தைக் கவனி" என்று உட்கார வைத்துவிட்டேன். இப்போது அவன் வக்கீல். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அந்தக் கேள்வியை எனக்கே நினைவுபடுத்தினான். அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கிறேன்.

1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மிசா சட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவலான 21-ஆம் பிரிவைச் சொல்லி யாரும் நீதிமன்றம் போக முடியாது என்று குடியரசுத் தலைவர் ஆணையும் வந்தது. அப்படியிருந்தும் ஒன்பது உயர் நீதிமன்றங்கள், 'சிறை வைத்தது சட்டப்படிதானா என்று நாங்கள் பார்ப்போம்' என்றன. அரசு மேல்முறையீடு செய்தது.

1976 ஏப்ரல் 28. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு. ஏ.என். ரே, பெக், ஒய்.வி. சந்திரசூட், பகவதி ஆகிய நால்வரும், அந்த ஆணை இருக்கும்வரை ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்றார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். ஒன்பது உயர் நீதிமன்றங்களின் தீர்ப்பும் ஒரே நாளில் செல்லாமல் போயிற்று. கோபுரத்தின் பலம் அது. ஆபத்தும் அதுவே.

எங்கள் தெருவிலும் ஒருவரை அந்த ஆண்டு பிப்ரவரியில் மிசாவில் கொண்டுபோனார்கள். அவர் மனைவி தினமும் காலையில் வக்கீல் வீட்டுக்கு நடப்பார். மே மாதம் நடப்பதை நிறுத்திவிட்டார். "கோர்ட்டுக்குப் போக வழியே இல்லைன்னுட்டாங்களாம் தம்பி" என்றார். அவர் கணவர் அடுத்த ஆண்டுதான் வீடு திரும்பினார்.

கன்னாவுக்கு என்ன கிடைத்தது? 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, அவருக்கு இளையவரான பெக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார்.

1978-இல் நாடாளுமன்றம் 44-ஆவது திருத்தம் கொண்டுவந்து, நெருக்கடி நிலையிலும் 21-ஆம் பிரிவை நிறுத்திவைக்க முடியாது என்று ஆக்கியது. ஓட்டை அடைபட்டது. ஆனால் தீர்ப்பு ஏட்டில் அப்படியே இருந்தது. பின்னாளில் பகவதி அதற்காக வெளிப்படையாக வருந்தினார். நீதிபதியின் வருத்தம் தீர்ப்பை மாற்றாது. ஐவர் சொன்னதை மாற்ற அதைவிடப் பெரிய அமர்வு வேண்டும்.

அப்படி ஒரு அமர்வு 2017-இல் வேறொரு வழக்கில் கூடியது. ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்ற கேள்வி எழுந்தது. 1954-இல் எட்டு நீதிபதிகள் சொன்னது குறுக்கே நின்றதால், ஒன்பது பேர் உட்கார வேண்டியதாயிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஆகஸ்ட் 24 அன்று சொன்னவர்கள், 1976 தீர்ப்பையும் தவறு என்று தள்ளினார்கள். அதைத் தம் தீர்ப்பில் எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-இல் அந்த நால்வரில் ஒருவராக இருந்தவரின் மகன்!

நாற்பத்தொரு ஆண்டுகள். கன்னா 2008-இலேயே காலமாகிவிட்டார்.

முன்தீர்ப்புக்குக் கட்டுப்படுவது கெட்ட வழக்கம் இல்லை. அது இல்லாவிட்டால் மதுரையில் ஒரு சட்டம், டெல்லியில் ஒரு சட்டம் என்றாகிவிடும். ஆனால் தவறும் அதே கயிற்றில்தான் கட்டப்படுகிறது. அதை அவிழ்க்கப் பெரிய அமர்வு வேண்டும். அந்த அமர்வு வரும்வரை, 'இது தவறு' என்று ஒருவராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.

தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில். அன்றைக்கு நான் வகுப்பில் நின்றபோது இதன் பின்பாதி நடக்கவே இல்லை. ஆனாலும் உன்னை உட்காரச் சொல்லியிருக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் பழைய சமூக அறிவியல் வாத்தியார்