சாவு, பஞ்சம், பாண்

பிரேமன் மத்திய புகையிரத நிலையத்துக்கு முன்னால் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் வோர்ப்ஸ்வேட என்ற ஊரில் இறங்கிவிடலாம். தூரம் இருபத்தைந்து கிலோமீற்றர் அளவு வரும். சனத்தொகை ஒன்பதாயிரத்துச் சொச்சம். செங்கல் வீடுகள், நாணற்புல் வேய்ந்த கூரைகள், வெள்ளைப் பட்டை கொண்ட பேர்ச் மரங்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையான நிலம். அதன் நடுவே வையர்பேர்க் என்றொரு மேடு. உயரம் 54 மீற்றர். இந்த ஊர்ச் சனத்துக்கு அது மலை.

நாம் நால்வர் போயிருந்தோம். ஒரே சமையலறையில் வேலை செய்கிற மூவரும், எம்மில் மூத்தவரான அண்ணையின் பேத்தியும். திங்கட்கிழமை றெஸ்ரோறன்ட் பூட்டு. பிள்ளைக்கு ஒக்ரோபர் விடுமுறை. பஸ்ஸால் இறங்கியதும் அண்ணை சொன்னார்: "இந்த ஊரின்ர பேரை நான் எண்பத்தாறிலயே பஸ் போர்ட்டில வாசிச்சனான் தம்பி. வரத்தான் விடேல்ல."

விடாதது சட்டம். தஞ்சம் கோரியவர் தனக்கு ஒதுக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று 1982 ஆம் ஆண்டின் தஞ்ச நடைமுறைச் சட்டம் விதித்தது. பிரேமன் தனி மாநிலம். வோர்ப்ஸ்வேட அதைச் சுற்றியிருக்கும் நீடர்சாக்சன் மாநிலத்தில் இருக்கிறது. இடையில் வேலியோ காவலரணோ கிடையாது. ஆனாலும் அனுமதிக் கடிதம் இல்லாமல் தாண்டினால் தண்டப்பணம், மீண்டும் தாண்டினால் குற்ற வழக்கு. 2015 இல் இந்தச் சட்டம் பெருமளவு தளர்த்தப்பட்டது. முற்றாக ஒழிந்துவிடவில்லை. முதல் வரவேற்பு முகாம்களில் இருப்பவர்களை அது இன்றும் கட்டித்தான் வைத்திருக்கிறது. ஊர் பார்க்கப் போன எமக்கு, அண்ணை அந்த ஒரு வசனத்தைச் சொன்ன பிறகு, இந்த ஊருக்கு முதலில் வந்தவர்கள் யார், அவர்களை யார் விட்டார்கள் என்ற கேள்வி தொற்றிக்கொண்டது.

*

வோர்ப்ஸ்வேடவைச் சுற்றியிருக்கும் பெரும் சதுப்புக்கு டொய்பெல்ஸ்மோர் என்று பெயர். ஜேர்மன் மொழியில் சதுப்பு நிலத்தை 'மோர்' என்பார்கள். எங்களுடைய மோருக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. டொய்பெல் என்றால் பிசாசு. பிசாசின் சதுப்பு என்று உல்லாசப் பயணிகளுக்குச் சொல்கிறார்கள். உண்மையில் அந்தச் சொல், இப்பகுதிக் கீழ்ஜேர்மன் பேச்சில் மலட்டு நிலத்தைக் குறித்த ஒரு சொல்லில் இருந்து திரிந்தது என்பதே பொதுவான விளக்கம். விளையாத நிலம், ஆகவே எவருக்கும் வேண்டாத நிலம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹனோவர் அரசு இந்த வேண்டாத நிலத்தில் சனத்தைக் குடியேற்றத் தொடங்கியது. ஹனோவரின் ஆட்சியாளர்தான் அப்போது இங்கிலாந்தின் மன்னரும். ஒரே முடிக்குக் கீழே லண்டனும் இந்தச் சேறும் இருந்தன. குடியேற்றத்தின் பெரும்பகுதி மூன்றாம் ஜோர்ஜ் காலத்தில் நடந்தது. 1795 இல் ஒல்லாந்தரிடம் இருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஆங்கிலப் படையும் அதே மூன்றாம் ஜோர்ஜின் படைதான்.

சதுப்பை அளந்து, கால்வாய் வெட்டி, காணி பிரித்துக் கொடுத்த மனிதர் யூர்கன் கிறிஸ்டியான் பின்டோர்ஃப். 1720 இல் பிறந்தவர், தச்சுத்தொழிலில் இருந்து மேலே வந்தவர். வோர்ப்ஸ்வேட மேட்டில் இன்றும் நிற்கிற தேவாலயத்தை 1757 முதல் 1759 வரை கட்டியவரும் அவரே. 1771 இல் அரசு அவரைச் சதுப்புக் குடியேற்றத்தின் ஆணையாளராக்கியது. 1792 இல் இறக்கும்வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட குடியேற்றங்களுக்கு அவர் வழிசெய்தார். பிரேமனில் எம்மவர் சிலர் குடியிருக்கும் பின்டோர்ஃப் என்ற நகரப்பகுதி அவருடைய பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

குடியேற வந்தவர்கள் யார்? கமக்காரரின் இளைய மக்கள், பண்ணை வேலைக்காரர், வீட்டு வேலைக்காரிகள். மூத்தவனுக்கே காணி போகிற வழக்கத்தில் மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் பிறத்தியார் வீட்டு வேலைதான். சொந்தக் காணி இல்லாதவன் கலியாணம் செய்வதும் கஷ்டம். அவர்களுக்கு அரசு சதுப்பில் ஒரு நீளத் துண்டு நிலம் கொடுத்தது. சில வருடங்களுக்கு வரிவிலக்கும் கொடுத்தது. வீடு கொடுக்கவில்லை.

அவர்கள் புல்லோடு சேர்த்து வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் குடிசை போட்டார்கள். தரை ஈரம், சுவர் ஈரம். சதுப்பின் மேற்பரப்பை எரித்து, அந்தச் சாம்பலில் பக்வீட் என்ற சிறுதானியம் விதைத்தார்கள். குதிரை புதையாமல் இருக்க அதன் கால்களுக்கு மரச் சப்பாத்து மாட்டினார்கள். கிணறு வெட்டத் தேவையில்லை, எங்கு தோண்டினாலும் தண்ணீர். ஆனால் அது தேத்தண்ணீரைப் போலக் கபில நிறத் தண்ணீர்.

நிலம் கொடுத்த ஒரே காசுப்பொருள் டோர்ஃப். ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செத்து அமிழ்ந்த பாசியும் செடியும் நீருக்குள் உக்காமல் இறுகி, பாதிக் கரி போலாகிவிட்ட மண் அது. இளவேனிலில் அதைக் கட்டிகளாக வெட்டி, அடுக்கி, புரட்டி, கோடை முழுவதும் காயவைப்பார்கள். பிறகு தட்டையான கறுப்பு வள்ளங்களில் ஏற்றுவார்கள். ஒடுங்கிய கால்வாய்களில் நீர்மட்டத்தைக் காக்கக் குறுக்கே மடிப்புப் பலகைகள் போட்டிருக்கும். ஒவ்வொன்றின் மேலாகவும் வள்ளத்தைத் தள்ளியேற்றி, ஹம்ம ஆற்றுக்கு வந்ததும் கபிலநிறப் பாயை விரித்து, பிரேமனுக்குக் கொண்டுபோவார்கள். பிரேமன் வீடுகளின் அடுப்பு இதில் எரிந்தது. நிலக்கரியும் புகையிரதமும் வரும்வரை அந்த நகரத்தின் சமையலறைக்குச் சூடு கொடுத்தவர்கள் இந்தச் சேற்று மனிதர்கள். ஒரு நகரத்தின் சாப்பாட்டுக்குப் பின்னால் நின்று வேலை செய்பவர்களை அந்த நகரம் எவ்வளவு அறிந்திருக்கும் என்பது எமக்குத் தெரியும்.

ஹனோவரின் ஏழைப் பையன்களுக்கு இன்னொரு வழியும் இருந்தது: பட்டாளம். 1780களின் தொடக்கத்தில் ஹனோவரின் இரண்டு காலாட்படைப் பிரிவுகள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சென்னைப் பக்கம் கப்பலேற்றப்பட்டன. 1783 இல் கூடலூரைப் பிரெஞ்சுக்காரரிடம் இருந்து பிடிக்க நடந்த முற்றுகையில் அவர்களும் நின்று செத்தார்கள். வட ஜேர்மனியின் காணியில்லாத பிள்ளைகள் தமிழ் மண்ணுக்குள் புதைக்கப்பட்ட கதை, நாம் இங்கு வருவதற்கு இருநூறு வருடங்களுக்கு முந்தியது.

சதுப்புக்குப் போனவர்களைப் பற்றி ஒரு பழமொழி இருக்கிறது. அருங்காட்சியகத்திலும் கடைகளிலும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். முதலாமவனுக்குச் சாவு, இரண்டாமவனுக்குப் பஞ்சம், மூன்றாமவனுக்குப் பாண். ஜேர்மனில் மூன்றும் எதுகையாக விழும்: டோட், நோட், புரோட். பேத்தி அதைச் சத்தமாக வாசித்து அம்மப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். அண்ணை ஒன்றும் பேசவில்லை.

*

இந்த ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரியவந்தது இவர்களால் அல்ல. 1884 இல் பிறிட்ஸ் மாக்கன்சன் என்ற ஓவிய மாணவர் முதன்முதல் வந்தார். 1889 இல் ஒட்டோ மோடர்சோன், ஹன்ஸ் அம் எண்ட ஆகியோருடன் திரும்பி வந்து, நகரத்துக் கலைக் கழகங்கள் வேண்டாம், இங்கேயே தங்குவோம் என்று முடிவெடுத்தார். ஈரக் காற்றில் நிறங்கள் இங்கு ஆழமாகத் தெரிகின்றன என்றார்கள். 1895 இல் மியூனிக் கண்காட்சியில் அவர்களுக்குப் பெரும் புகழ் கிடைத்தது. 1900 இல் கவிஞர் ரில்கே வந்தார்.

மாக்கன்சன் 1892 இல் வரைந்த ஓவியம் ஒன்று பிரேமன் கலைக்கூடத்தில் இருக்கிறது. டோர்ஃப் வண்டியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கும் ஒரு பெண். மாதா போல வரைந்திருக்கிறார். அழகான படம். அந்தப் பெண்ணின் கையில் வேலைக் களைப்பு இருக்கிறது, ஆனால் கோபம் இல்லை. 1898 இல் இங்கு வந்து தங்கிய பவுலா பெக்கர், பின்னாளில் மோடர்சோனை மணந்து பவுலா மோடர்சோன்-பெக்கர் ஆனவர், வேறுவிதமாகப் பார்த்தார். ஊர் ஏழைமடத்தில் கிடந்த கிழவிகளையும் சதுப்புப் பிள்ளைகளையும், அழகாக்காமல், பெரிய கைகளோடும் கனத்த முகங்களோடும் வரைந்தார். வாழ்ந்த காலத்தில் படங்கள் அதிகம் விற்கவில்லை. 1907 இல், பிள்ளை பெற்றுச் சில நாட்களில், 31 வயதில் இறந்தார். கல்லறை பின்டோர்ஃப் கட்டிய தேவாலயத்து முற்றத்தில் இருக்கிறது. 1937 இல் நாஜிகள் அவருடைய ஓவியங்கள் பலவற்றைச் சீரழிந்த கலை என்று சொல்லி அருங்காட்சியகங்களில் இருந்து அகற்றினார்கள். மாக்கன்சனோ 1934 இல் அதே நாஜிகள் பிரேமனில் தொடங்கிய கலைக் கல்லூரிக்குத் தலைவராகியிருந்தார்.

நாம் அதிக நேரம் நின்றது பார்க்கன்ஹோஃப் என்ற வெள்ளை வீட்டின் முன்னால். பேர்ச் மரத் தோட்டம் என்பது பொருள். பிரேமன் இரும்பு வியாபாரி ஒருவரின் மகனான ஹைன்றிஹ் ஃபோகலர் 1895 இல் வாங்கிக் கட்டியெழுப்பிய வீடு. இவர் கனவுப் படங்கள் வரைந்தார், கரண்டி முதல் கதிரை வரை அழகாக வடிவமைத்தார். வோர்ப்ஸ்வேட புகையிரத நிலையத்தைக்கூட 1910 இல் அவரே வடிவமைத்தார். 1906 இல் அவர் இலங்கைக்கும் போய்வந்திருக்கிறார். கப்பலில் போய், பார்த்து, திரும்பி வந்தார். அப்படி ஒரு பயணமும் உலகில் உண்டு.

1914 இல் தானாகவே படையில் சேர்ந்தவர் அவர். கண்டதெல்லாம் கண்டபின் 1918 ஜனவரியில் சமாதானம் கேட்டுச் சக்கரவர்த்திக்குக் கடிதம் எழுதினார். அதற்காக அவரை மனநல மருத்துவமனையில் போட்டார்கள். போர் முடிந்ததும் அழகான வீட்டை ஒரு கூட்டுப் பண்ணையாக்கினார். பிறகு 1924 இல் சிறையில் கிடந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்கான இல்லமாகச் செஞ்சிலுவையல்லாத 'செவ்வுதவி' அமைப்பிடம் அது போயிற்று. 1931 இல் சோவியத் நாட்டுக்குப் போனார். 1933 க்குப் பின் திரும்பி வர வழியில்லை. 1941 இல் ஹிட்லரின் படை மொஸ்கோவை நெருங்கியபோது, ஹிட்லருக்கு எதிரான இந்த மனிதரையும் ஜேர்மானியர் என்பதற்காகக் கஸகஸ்தானுக்கு ஏற்றினார்கள். அங்கே ஒரு கூட்டுப்பண்ணையில், வறுமையிலும் நோயிலும், 1942 இல் இறந்தார். வயது 69. பிறந்த நாட்டுக்கு அவர் கம்யூனிஸ்ட், போன நாட்டுக்கு அவர் ஜேர்மானியர்.

மூன்றாமவனுக்குப் பாண் என்ற கணக்கு இங்கே இடறுகிறது. இரும்பு வியாபாரியின் மகன் பாணோடு பிறந்தவர். மேசையில் பாண் இருந்த ஒரு பரம்பரை, தன் சொந்த ஆயுளுக்குள்ளேயே முதலாமவனின் சாவுக்குத் திரும்பிப் போகலாம். 1945 க்குப் பிறகு அதை இலட்சக்கணக்கான ஜேர்மானியர் அனுபவித்தார்கள். கிழக்குப் பிரஷியாவில் இருந்தும் சிலேசியாவில் இருந்தும் துரத்தப்பட்டவர்கள் இந்த நாட்டுப்புறங்களின் பண்ணை வீடுகளில் அறை அறையாகப் பிரித்துக் குடிவைக்கப்பட்டார்கள். 1950 இல் நீடர்சாக்சன் சனத்தொகையில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் இப்படி வந்தவர்கள். ஒரே மொழி, ஒரே தோல். ஆனாலும் 'அகதி' என்ற சொல்லை ஊர்க்காரர் அவர்கள்மேல் வசைச்சொல்லாகத்தான் எறிந்தார்கள்.

*

பின்னேரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பேத்தி கேட்டாள்: "அம்மப்பா, அப்ப நாங்கள் எத்தினையாவது ஆக்கள்?"

எம்மில் ஒருவர், அம்மப்பா முதலாவது, அம்மா இரண்டாவது, நீ மூன்றாவது, உனக்குத்தான் பாண் என்று பகிடியாகச் சொன்னார். அண்ணை தலையாட்டவில்லை.

"முதலாவது ஆக்கள் நாங்கள் இல்லையம்மா," என்றார். "அவை இஞ்ச வந்து சேரேல்ல."

பிறகு நாம் அதைப்பற்றியே கதைத்தோம். அந்தப் பழமொழியைச் சொன்னவன் யார்? முதலாமவன் அல்ல. அவன் சேற்றுக் குடிசையில் போய்விட்டான். பாணைக் கையில் வைத்திருக்கிற மூன்றாமவன்தான் பின்னால் திரும்பிப் பார்த்து அதைச் சொல்லியிருக்க முடியும். அவன் வாயில் அது ஒரு நியாயம் போலாகிவிடுகிறது: யாராவது சாகத்தான் வேண்டும், அப்போதுதான் பாண் வரும் என்பதுபோல. குதிரைக்கு மரச் சப்பாத்துப் போட்டவனைச் சாகச் சொல்லி எந்த விதியும் கேட்கவில்லை. காணியைக் கொடுத்து வீட்டைக் கொடுக்காமல் விட்டது ஓர் அரசின் முடிவு. அண்ணையை இருபத்தைந்து கிலோமீற்றருக்கு இப்பால் நிறுத்தியதும் ஒரு முடிவு. வழியில் கடலிலும் எல்லைக் காடுகளிலும் எம்மவர் செத்ததற்குப் பின்னாலும் முடிவுகள் இருக்கின்றன, எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த ஊரில் ஓவியர்களுக்கு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, ஆணையாளருக்கு நினைவுக்கல் இருக்கிறது. மாக்கன்சன் வரைந்த அந்தப் பால் கொடுக்கும் பெண்ணை, பார்க்க வருபவர்கள் படத்தின் பெயரால்தான் அறிகிறார்கள்.

பஸ் வந்தது. மாநில எல்லையைத் தாண்டியபோது எவரும் கடதாசி கேட்கவில்லை. 1985 இல் தன்னோடு வெளிக்கிட்டவர்கள் யார் யார், எவர் எதுவரை வந்தார்கள் என்று அண்ணை ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். பேத்தி அருங்காட்சியகத் துண்டுப் பிரசுரத்தின் வெற்றுப் பக்கத்தில் அவற்றை எழுதினாள். சில பெயர்களுக்குத் தமிழ் எழுத்து அவளுக்குத் தடக்கியது. நாம் எழுத்துக்கூட்டிக் கொடுத்தோம். பிரேமன் வந்தபோது பதினொரு பெயர்கள் எழுதியிருந்தாள். இன்னும் இருக்கு, பிறகு சொல்லுறன் என்றார் அண்ணை.