மாவும் அரளியும்: தின்னக் கொடுத்தும் தின்ன விடாமலும்

சேலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மாம்பழம். சித்திரை பிறந்துவிட்டால் மல்கோவா, இமாம்பசந்த், பங்கனப்பள்ளி, செந்தூரா, சேலம் குண்டு என்று கூடை கூடையாகக் கடைவீதியில் இறங்கும். அதே மாவட்டத்தில், பனமரத்துப்பட்டி வட்டாரத்தில், இன்னொரு பயிர் வயல் வயலாக நிற்கிறது. அதைச் சொல்லி யாரும் ஊர்ப்பெருமை பேசுவதில்லை. அது அரளி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் ஆண்டு முழுக்கப் பச்சை மாறாதவை. வேர் பிடித்துவிட்டால் இரண்டும் வறட்சியைத் தாங்கும். இரண்டுக்கும் கோயிலில் இடம் உண்டு. ஒடித்த இடத்தில் இரண்டிலும் கையில் ஒட்டும் சாறு கசியும். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஒரே ஒரு கேள்வியில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போய்விட்டன: தின்ன வருகிறவரை என்ன செய்வது? மா தின்னக் கொடுத்துப் பிழைத்தது. அரளி தின்ன விடாமல் பிழைத்தது. வளர்ப்பு, காவல், விலை, சாலையில் யாருக்கு எந்த இடம் என்பது வரை மற்ற வேறுபாடுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை என்பது என் கட்சி.

மாவின் பூர்வீகம் வடகிழக்கு இந்தியாவும் மியான்மரும் சேரும் மலைக்காடுகள். அந்தக் காட்டில் தாய்மரத்தின் நிழலிலேயே கொட்டை விழுந்து கிடந்தால் கன்றுக்கு வெளிச்சம் கிடைக்காது. மாங்கொட்டை காத்திருக்கவும் செய்யாது. எடுத்து உலர வைத்தால் சில வாரங்களிலேயே முளைக்கும் திறன் போய்விடும். அதனால் யானையும் குரங்கும் பழந்தின்னி வௌவாலும் அதை உடனே தூக்கிப் போக வேண்டும். நாம் சப்பிச் சாப்பிடும் சதை, அந்தச் சுமைக்கு மரம் கொடுக்கும் கூலி. கடைசியாக வந்த கூலிக்காரன் மனிதன். அவன் கொட்டையைக் கடல் கடந்தும் கொண்டுபோனான்.

இந்தக் கூலியைக் கொடுக்க மரம் படும் பாட்டை அறிய, தை மாதத்தில் ஒரு பூங்கொத்தைத் தாழ வளைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பூவும் மிளகளவுதான் இருக்கும். வெளிர்மஞ்சள் இதழ்களில் ஆரஞ்சு வரி ஓடும்; மகரந்தம் தரும் கேசரம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. தேனீயைவிட ஈக்கள்தான் அதிகம் மொய்க்கும். ஒரு கொத்தில் சில நூறு பூக்களிலிருந்து சில ஆயிரம் வரை இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ஆண்பூ. மிச்சமுள்ளவற்றையும் பனிமூட்டம், சாம்பல் நோய், தத்துப்பூச்சி என்று ஒவ்வொன்றாக வந்து பறிக்கும். பிஞ்சு பிடித்த பிறகு ஒரு காற்றடித்தால் தரையெல்லாம் வடு. நூறு பூவுக்கு ஒரு பழம்கூட மரத்தில் தங்குவதில்லை. மல்கோவா போன்ற ரகங்கள் ஓராண்டு காய்த்துத் தள்ளினால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். நீலமும் பெங்களூராவும் அப்படி ஏமாற்றுவதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகள் பெங்களூராவை நம்பி நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அரளியின் கணக்கு முற்றிலும் வேறு. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து தெற்காசியா வரை, கோடையில் வறண்டும் மழையில் பெருகியும் ஓடும் ஆற்றுப் படுகைகள்தான் அதன் இயல்பான இடம். இலையைத் திருப்பி ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கணுவுக்கு மூன்றாக நிற்கும் அந்தத் தடித்த இலையின் அடிப்புறத்தில் நுண்ணிய குழிகள் தெரியும். இலைத்துளைகள் மேற்பரப்பில் இல்லாமல் இந்தக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழியின் வாயை மயிரிழைகள் மூடியிருக்கின்றன. அனல்காற்று வீசினாலும் உள்ளே இருக்கும் ஈரம் எளிதில் வெளியேறாது. அப்படிச் சேமித்த உடம்பை ஆடு மாடு மேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, வேரிலிருந்து பூ வரை ஒலியாண்ட்ரின் முதலான நஞ்சுகளை அது நிரப்பி வைத்திருக்கிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கும் நஞ்சு அது. பச்சையாக இருக்கும்போது கசப்பே கால்நடையை விரட்டிவிடும். காய்ந்த சருகிலும் நஞ்சு அப்படியே இருக்கும். அது தீவனத்தில் கலந்தால்தான் ஆபத்து. எரித்தால் வரும் புகையும் கெடுதல்.

பூவிலும் அது கைவிரிக்கிறது. இவ்வளவு நிறமும் விரிவும் காட்டி வண்டை அழைத்துவிட்டு, உள்ளே தேன் வைப்பதில்லை. ஏமாந்த பூச்சி ஒன்றிரண்டு பூவோடு விலகிவிடும். ஆகவே காய் பிடிப்பதும் குறைவு. பிடித்த நீண்ட காய் வெடித்தால் பஞ்சுக் குஞ்சம் கட்டிய விதைகள் காற்றில் போகும். அதற்கும் யாருடைய வாயும் வயிறும் தேவையில்லை. வீட்டு வாசலில் நிற்கும் அடுக்கரளியில் காயைப் பார்ப்பதே அரிது. குச்சியை ஒடித்து ஊன்றினால் தழைத்துவிடும் என்பதால் யாரும் அதைத் தேடுவதும் இல்லை.

இந்த நஞ்சுக் கோட்டைக்குள்ளும் குடியிருப்போர் உண்டு. இறக்கை ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த கருப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று அரளியில் முட்டையிடும். அதன் புழு இலையைத் தின்று, நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொண்டு, பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. இலையின் அடியில் அது தொங்கவிடும் கூட்டுப்புழு அசல் தங்கத்தைத் தேய்த்து வைத்தது போல மின்னும். அரளி வேலியைத் தாண்டிப் போகிறவர்கள் ஒருமுறை குனிந்து தேடலாம். மாந்தோப்பில் காணக் கிடைக்காத காட்சி அது.

இந்த ஒப்பீட்டை மா நல்லது, அரளி கெட்டது என்று முடித்துவிடுவது எளிது. அது சரியில்லை. மா, முந்திரிக்கும் சேராங்கொட்டைக்கும் உறவு. காம்பை முறித்ததும் பீறிடும் மாங்காய்ப் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளமாகும். கனிந்த சதையைத் தவிர மற்றதில் மாவும் ஓரளவு தற்காப்போடுதான் இருக்கிறது. காய் பறிப்பவர்கள் தொரட்டியில் வலைப்பை கட்டிக் காம்போடு பறிப்பதும், பால் வடியக் கவிழ்த்து வைப்பதும் இதற்காகத்தான். பால் பட்ட தோல் கறுத்தால் பழத்துக்கு விலையும் இறங்கிவிடும்.

எல்லோரும் விரும்புவதைக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. பூ எடுக்கும்போதே தோப்பைக் குத்தகை பேசிவிடுவார்கள். காய் முற்றும் மாதங்களில் காவல் குடிசை போட்டு ராத்திரியெல்லாம் விழித்திருப்பார்கள். இந்தக் காவலின் மிகக் கொடிய வடிவத்தைக் குறுந்தொகையில் பரணர் பதிவு செய்திருக்கிறார். நீராடப் போன பெண் ஒருத்தி, ஆற்றில் மிதந்து வந்த பச்சை மாங்காயைத் தின்றுவிட்டாள். அது நன்னன் என்ற குறுநில மன்னனின் காவல் மரத்துக் காய். 81 யானைகளையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் ஈடாகத் தருவதாகச் சொல்லியும் அவன் ஏற்காமல் அவளைக் கொன்றான். பிறகு கோசர் குலத்தவர் அந்த மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். இரண்டாயிரம் ஆண்டாகியும் பெண்கொலை செய்தவன் என்ற பழி நன்னனை விட்டுப் போகவில்லை. அரளிக்காக இப்படி ஒரு கொலை நடந்ததாக எந்த இலக்கியமும் சொல்லவில்லை. ஆனால் கொலைக்களத்துக்குப் போகிறவன் கழுத்தில் அது இருந்தது. மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தில் நாயகன் சாருதத்தனைக் கொல்ல இழுத்துப் போகும்போது செவ்வரளி மாலைதான் போட்டிருக்கும். நச்சுப்பூ தண்டனையின் அடையாளமாக மட்டும் நின்றது. தித்திக்கும் பழம் கொலைக்கே காரணமானது.

கோயிலுக்குள் போனால் இந்த உயர்வு தாழ்வு மறைந்துவிடுகிறது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் தலமரம் மா; திருவாரூர்ப் பக்கம் திருக்கரவீரத்தில் தலமரம் செவ்வரளி. வாசலுக்குத் தோரணம் மாவிலை. சாமிக்கு மாலை அரளி. அந்த மாலையைப் பெண்கள் தலையில் சூடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. சாமிக்குச் சாத்தலாம், மனிதர் வாய்க்கும் கூந்தலுக்கும் அருகில் வேண்டாம் என்ற பழைய எச்சரிக்கையாக இதை நான் எடுத்துக்கொள்கிறேன். கேரளத்தில் ஒரு இளம்பெண்ணின் மரணத்துக்கு அரளி இலையை மென்றது காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டதை அடுத்து, 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்க்க முடிவு செய்தன. பூஜைப் பூவைத் துளசியோடு சேர்த்துக் கையில் வாங்கி வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ள இடத்தில் அது நியாயமான முடிவு. அரளி பயிரிடுவோருக்கு அதனால் கவலை வந்ததும் உண்மை. மாலையாகச் சாத்துவதற்கு அந்தத் தடை பொருந்தாது என்பதை உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த உழவர்களின் வேலையையும் பார்க்க வேண்டும். ஒட்டுக்கன்று வைத்த மாந்தோப்பில் வருமானம் வர நான்கைந்து ஆண்டு ஆகும். பழைய முறையில் 10 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 40 மரம்தான். நிலமும் பொறுமையும் உள்ளவருக்குத்தான் அது கட்டும். குச்சி ஊன்றிய அரளி ஓராண்டுக்குள் பூவைக் கண்ணில் காட்டிவிடும். பிறகு தினமும் பறிக்க வேண்டும், அதுவும் விரிவதற்கு முன் மொட்டாக, விடிவதற்குள். பறிப்பவர்களில் பெண்களே அதிகம். முகூர்த்தமும் ஆடி வெள்ளியும் வந்தால் கிலோவுக்கு நல்ல விலை. விசேஷம் இல்லாத நாளில் பறிகூலிக்கே கட்டாமல் பூவைக் கொட்ட வேண்டியிருக்கும். மா ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கிறது, அரளி தினந்தோறும். சிறு உழவர் அரளியை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு இந்தத் தினப்பணம்தான் விடை.

சாலையில்தான் இந்த இரண்டின் வேறுபாடு நம்மை நேரடியாகத் தொடுகிறது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் தூண் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குக்கும் நிழலாக வழியோரம் ஆலமரங்கள் நட்டதையும் மாந்தோப்புகள் வைத்ததையும் கிணறுகள் வெட்டியதையும் சொல்கிறார். இன்றைய தேசிய நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் நிற்பது அரளி. அதற்கு அதைவிடப் பொருத்தமான செடி கிடைக்காது. ஒரு முழம் மண், புகை, அனல், தண்ணீர் லாரி வராத வாரங்கள் எல்லாவற்றையும் அது தாங்கும். எதிர் வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்காமல் மறைக்கும். மாடு மேய வராது. ஹிரோஷிமாவில் 1945 குண்டுவீச்சுக்குப் பிறகு முதலில் பூத்த செடிகளில் ஒன்று என்பதற்காக அதையே நகர மலராக வைத்திருக்கிறார்கள். நம் நெடுஞ்சாலைக் கொதிப்பு அதற்குப் பெரிதில்லை. நடுத்திட்டில் மாவை வைத்தால் பழத்துக்காக ஒரு குழந்தை குறுக்கே ஓடும்.

என் குறை நடுத்திட்டைப் பற்றியது இல்லை, ஓரத்தைப் பற்றியது. நான்குவழிச் சாலைக்காகப் புளியையும் மாவையும் ஓரத்திலிருந்து வெட்டினோம்; நடுவில் அரளி வைத்ததும் பசுமைக் கணக்கு சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டோம். அரளி நிழல் வண்டிக்கும் படாது, நடப்பவருக்கும் படாது. பேருந்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைக்கும் சந்தையிலிருந்து திரும்பும் கிழவிக்கும் ஓரத்தில்தான் மரம் வேண்டும்.

அதற்கு ஒட்டு மா தோதுப்படாது. அது தாழப் படரும். கொட்டை போட்டு முளைத்த நாட்டு மாதான் ஆணிவேர் இறக்கி உயரப் போகும். பழம் சிறுத்து நாராக இருந்தாலும் கிளிக்கும் அணிலுக்கும் போக மிச்சம் ஊறுகாய்க்கு ஆகும். சர்வீஸ் ரோட்டின் வெளி ஓரத்தில், பள்ளிக்கூட வாசலில், கால்நடை கட்டும் இடத்தில் மா இருக்கட்டும். அங்கெல்லாம் அரளி வேண்டாம். நடும்போது ஒன்றை மட்டும் முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிட வேண்டும்: முதல் நான்கைந்து கோடைக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆடு கடிக்காமல் கூண்டு கட்டவும் ஆளும் பணமும் வேண்டும். அரளிக்கு அந்தச் செலவு கிடையாது, மாவுக்கு உண்டு.